மாஸ்கோவுக்கு முதலில் சென்றவர்

திருப்பதியில் சில மாதம் தங்கியவர் எவருக்கும் டாக்டர் ராதாகிருஷ்ணன் இவ்வூரில் படித்தவர் என்ற செய்தி காதுக்கு எட்டிவிடும். திருத்தணியில் பிறந்த அவர் 1896 முதல் 1900 வரை இங்கிருந்த லூத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். அத்திருத்தணியும் ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் இருந்து 1960-இல் சென்னை மாநிலத்துக்கு மாறிய ஊர். ஆகவே தெலுங்கு நண்பர்களும் தமிழராகிய நாமும் அவரை எம்மவர் எம்மவர் என்று போட்டியிட்டு உரிமை கொண்டாடுகிறோம். அப்போது தவறாமல் பேசப்படுவது, அவர் மாஸ்கோவில் இந்தியத் தூதராக இருந்து ஸ்டாலினைச் சந்தித்த செய்தி. எளிதில் யாருக்கும் முகம் கொடுக்காத அந்த மனிதர் நம் தத்துவப் பேராசிரியரை 1950-இல் ஒரு முறையும், 1952-இல் அவர் விடைபெறும்போது மறுமுறையும் வரவேற்றுப் பேசினார்.

இதைச் சொல்வோர் கூடவே வேறொன்றும் சொல்வதுண்டு. ராதாகிருஷ்ணனுக்கு முன் அதே பதவியில் ஒரு பெண் இருந்தார்; ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் இருந்தும் ஸ்டாலின் அவரை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்பது அது. சென்ற பருவத்தில் நம் மன்றத்தில் பெண்களும் அயல்நாட்டுத் தூதும் என்ற பொருளில் சொற்போர் நடந்ததே, அதில் எதிரணி நண்பர் ஒருவர் இதை வைத்தே தம் பேச்சை முடித்தார். அண்ணன் பிரதமர், அதனால் தங்கை தூதர். போன இடத்தில் கதவு திறக்கவில்லை. இவ்வளவுதான் அவர் வாதம். நல்ல கைதட்டலும் கிடைத்தது.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படிப்பவள். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முதல் நாளிலேயே சொல்லித் தருவது, பொருளை வைக்குமுன் தராசு சுழியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே. தராசில் பிழை இருந்தால் எத்தனை முறை நிறுத்தாலும் அதே பிழைதான் வரும். நண்பரின் பேச்சைக் கேட்டபின் எனக்கு அந்த நினைவே வந்தது. நூலகத்தில் தேடிப் படித்ததை இங்கு எழுதுகிறேன். எழுதப்படுபவர் திருமதி விஜயலட்சுமி பண்டிட்.

பெண் தூது செல்வது தமிழர்க்குப் புதிதன்று என்பதையும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். தன் படைக்கலங்களைக் காட்டிப் பெருமை கொண்ட மன்னனிடம் புகழ்வதுபோலவே பழித்துவிட்டு வந்த அவர் திறத்தைப் புறநானூற்றுப் பாடமாகப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்தத் தொண்டை நாட்டின் வடகோடியில், வேங்கட மலையின் அடியில்தான் நாம் இப்போது விடுதிச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ஔவைக்குப்பின் எத்தனை நூற்றாண்டுகள் அவ்வேலைக்கு வேறொரு பெண்ணை அனுப்பாமல் இருந்தோம் என்பது தனிக் கணக்கு.

அலகாபாத்தில் 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் மோதிலால் நேருவுக்கும் சுவரூப் ராணிக்கும் மகளாக அவர் பிறந்தார். இட்ட பெயர் சுவரூப் குமாரி. அண்ணன் ஜவஹர்லால் பதினொரு வயது மூத்தவர். செல்வத்துக்குக் குறைவில்லாத வீடு. ஆனால் அண்ணன் ஹாரோ பள்ளிக்கும் கேம்பிரிட்ஜுக்கும் போனார். தங்கைக்கு வீட்டோடு ஓர் ஆங்கில ஆசிரியை வைக்கப்பட்டார். அவர் கல்லூரி வாசலை மாணவியாக மிதித்ததில்லை. 1921-இல் ரஞ்சித் சீதாராம் பண்டிட் என்ற வழக்கறிஞரை மணந்தார். மராட்டியக் குடும்பத்தவரான ரஞ்சித் பன்மொழிப் புலவர். கல்ஹணரின் ராஜதரங்கிணியை ஆங்கிலத்தில் தந்தவர். புக்ககத்து வழக்கப்படி மணமகளுக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். உலகம் அறிந்த விஜயலட்சுமி என்ற பெயர் அப்படி வந்தது. சந்திரலேகா, நயன்தாரா, ரீட்டா என மூன்று பெண்கள் பிறந்தனர். இவர்களுள் நயன்தாராவே பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற நயன்தாரா சாகல்.

விடுதலைப் போரில் கணவனும் மனைவியும் மாறி மாறிச் சிறை சென்றார்கள். அம்மையார் மட்டும் மூன்று முறை. இடையே 1937-இல் தேர்தலில் நின்று வென்று ஐக்கிய மாகாணத்தில் தல சுயாட்சி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு அமைச்சரானார். அந்நியர் ஆண்ட இந்தியாவில் அமைச்சர் பதவியில் அமர்ந்த முதற்பெண் அவர்தான். 1939-இல் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகும் வரை அப்பணியைப் பார்த்தார்.

சிறை உடலைக் கெடுத்ததால் ரஞ்சித் பண்டிட் 1944 ஜனவரியில் காலமானார். இங்கே சற்று நிற்க வேண்டும். அம்மையாரின் வாழ்க்கை வரலாற்றை நான்கு வரியில் சொல்வோர் இவ்விடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கணவர் உயில் எழுதி வைக்கவில்லை. மகன் இல்லை. அக்கால இந்துச் சட்டத்தைக் காட்டி, கணவரின் குடும்பச் சொத்தில் விதவைக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உரிமை இல்லை என்று கணவரின் சகோதரர் நின்றார். மாகாண அமைச்சராக இருந்து ஆண்டவர், நாட்டின் பெரிய தலைவர் ஒருவரின் மகள், இன்னொரு பெரிய தலைவரின் தங்கை. அவருக்கே இந்த நிலை. விதவைக்கும் மகளுக்கும் சொத்தில் முழு உரிமை தந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இல்தான் வந்தது. பெண்ணுரிமை என்பது அவருக்கு மேடைப் பேச்சுக்கு எடுத்த தலைப்பாக இருக்கவில்லை; வீட்டு வாசலில் வந்து நின்ற வழக்காக இருந்தது. அமெரிக்கா புறப்படுமுன் காந்தியடிகளைக் காணச் சென்றபோது, புக்ககத்தாரோடு சமாதானம் செய்துகொண்டாயா என்று அடிகள் கேட்டார். மனம் ஒப்பாமலே போய் அதையும் செய்துவிட்டுத்தான் அவர் கப்பலுக்கோ விமானத்துக்கோ வழி தேடினார்.

போர்க்காலம் அது. 1944 டிசம்பரில் அமெரிக்க இராணுவ விமானமொன்றில் இடம் பெற்று அவர் நியூயார்க் சேர்ந்தார். பசிபிக் நாடுகள் பற்றிய ஒரு மாநாட்டுக்கு என்று போனவர், பிறகு அமெரிக்க நகரங்களில் இந்திய விடுதலை பற்றி ஊர் ஊராகப் பேசினார். 1945 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சபையை அமைக்கும் மாநாடு கூடியது. இந்தியா சார்பில் ஆங்கில அரசாங்கம் அனுப்பிய குழுவின் தலைவர் நம்மவரான சர் ஆற்காடு இராமசாமி முதலியார். திறமையானவர், மறுக்க முடியாது. ஐ.நா. பொருளாதார சமூகக் கவுன்சிலின் முதல் தலைவரும் அவரே. ஆனால் அவரை அனுப்பியவர்கள் இந்திய மக்களல்லர். மக்கள் அனுப்பாத குழு உள்ளே இருந்தது. அரசாங்கம் அனுப்பாத விஜயலட்சுமி வெளியே இருந்தார். வெளியே இருந்தபடியே பத்திரிகையாளரைக் கூட்டினார், மனுக் கொடுத்தார், இந்தியா பேச வேண்டியதைப் பேசினார். அம்மாநாட்டின் சாசனத்தில் ஒப்பமிட்ட 160 பேரில் பெண்கள் நால்வர்.

அண்ணன் தந்த பதவி என்ற நண்பருக்கு இந்த ஆண்டுக் கணக்கைக் கவனிக்கச் சொல்வேன். 1945 ஏப்ரலில் அண்ணன் எந்தப் பதவியும் தரக்கூடிய நிலையில் இல்லை, சிறையில் இருந்தார். அவர் விடுதலையானது ஜூன் மாதத்தில்.

அடுத்த ஆண்டு நடந்ததே நம் கதையின் நடு. அதற்கு நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற டுரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் சென்ற முதற்கப்பல் அது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்குப் போனார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் சென்னை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும். வட ஆற்காட்டு ஜில்லாவிலிருந்து போனவர் மிகப் பலர். அன்றைய வட ஆற்காடு என்பது வேலூரும் சித்தூரும் சந்திரகிரியும் திருப்பதியும் எல்லாம் சேர்ந்தது. ஜில்லாவின் தலைநகரே சித்தூர். 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று, 2022-இல் திருப்பதி அதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. என் தந்தையார் வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இவ்வூருக்கு வந்தவர். அவர் ரயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டார். நூறாண்டுக்கு முன் பிறந்திருந்தால் அவரும் டர்பனுக்குக் கப்பலேறியிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. தில்லையாடி வள்ளியம்மையின் கதை நமக்குத் தெரியும். 1914-இல் பதினாறு வயதில் சிறைக் காய்ச்சலோடு வந்து மாண்டாள். அதன்பிறகும் அங்கிருந்த நம்மவர் துன்பம் தீரவில்லை. 1946-இல் ஜெனரல் ஸ்மட்ஸின் அரசாங்கம், நேட்டாலில் இந்தியர் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வேலி போட்டு ஒரு சட்டம் செய்தது. பாராளுமன்றத்தில் இந்தியருக்காக வெள்ளையரே அமர்வார்கள் என்றும் அதிலேயே எழுதியது. டாக்டர் நாயக்கர், டாக்டர் தாதூ ஆகியோர் தலைமையில் டர்பன் நகரத்து இந்தியர் சத்தியாக்கிரகம் தொடங்கினர். சிறை சென்ற ஏறத்தாழ 2,000 பேரில் பெண்கள் பலர். டாக்டர் கூனம் என்ற தமிழ்ப் பெண் மருத்துவர் அவர்களுள் ஒருவர்.

இந்தியா இதை ஐ.நா. சபைக்கு எடுத்துச் சென்றது. இந்தியா அப்போதும் முழு விடுதலை பெறவில்லை. 1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசாங்கமே இருந்தது. இந்தியக் குழுவுக்குத் தலைவி விஜயலட்சுமி பண்டிட். எதிரில் ஸ்மட்ஸ். எழுபத்தாறு வயது, இரண்டு உலகப் போர்களின் தளபதி, ஐ.நா. சாசனத்தின் முன்னுரையை எழுதுவதில் கைகொடுத்தவர். மனித உரிமை பற்றி அழகாக எழுதிய அந்தக் கைதான் வேலிச் சட்டத்தையும் எழுதியது.

ஸ்மட்ஸின் வாதம் சட்ட வாதம். ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடக் கூடாது என்று சாசனத்திலேயே இருக்கிறது. ஐயமிருந்தால் சர்வதேச நீதிமன்றத்தைக் கேளுங்கள் என்றார். இந்தியாவின் விடை இரு பகுதியானது. 1927-இலும் 1932-இலும் இரு அரசாங்கங்களும் இதைப் பற்றி உடன்பாடு செய்துள்ளன. அரசோடு அரசு செய்த உடன்பாடு எப்படி வீட்டு விவகாரமாகும் என்பது ஒன்று. நிறத்தைப் பார்த்து மனிதரைப் பிரிக்கும் சட்டம் சாசனத்துக்கே எதிரானது, ஆகவே இது சாசனத்தில் ஒப்பமிட்ட எல்லா நாடுகளின் விவகாரம் என்பது மற்றொன்று. முதல் வாதத்தை வழக்கறிஞர்கள் சொல்லலாம். இரண்டாவதை எடுத்துச் சொல்லி மன்றத்தைத் தம் பக்கம் இழுத்தவர் அம்மையார். நீதிமன்றத்துக்குப் போனால் ஆண்டுக்கணக்கில் உறங்கிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று ஒரு நாட்டின் உள்ளே நடக்கும் கொடுமையை ஐ.நா. பேசலாமா என்று கேட்டால், பேசலாம் என்பதற்கு முதற்சான்றாகக் காட்டப்படுவது இவ்வழக்கு.

1946 டிசம்பர் 8-ஆம் நாள் வாக்கெடுப்பு. வேண்டியது மூன்றில் இரண்டு பங்கு. பிரான்சும் மெக்சிகோவும் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவு 32, எதிர்ப்பு 15, நடுநிலை 7. இங்கிலாந்தும் அமெரிக்காவும் எதிர்த்தன. கணக்கில் ஆசையுள்ளவர்கள் போட்டுப் பாருங்கள்: அளிக்கப்பட்ட வாக்கு 47; வேண்டியது 31-க்கு மேல், அதாவது 32. ஆதரித்தவருள் ஒரே ஒரு நாடு மாறி எதிர்த்திருந்தாலும் 31-க்கு 16 ஆகித் தீர்மானம் விழுந்திருக்கும். நூலிழை என்பார்களே, அது இதுதான். அந்த 32-ஐச் சேர்த்த வேலை மேடையில் நடந்தது பாதி. தாழ்வாரங்களிலும் விருந்து மேசைகளிலும் ஒவ்வொரு நாட்டாரையும் தனித்தனியே பார்த்துப் பேசி நடந்தது பாதி. பின்னாளில் நாற்காலிக் கதை ஒன்று வரப்போகிறது. அதற்காக இதை நினைவில் வைக்கவும்.

வாக்கெடுப்பு முடிந்ததும் அவர் நேரே ஸ்மட்ஸிடம் சென்று கைகூப்பி, வாதத்தின்போது தம் சொல் ஏதும் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கும்படி வேண்டினார். வென்றாலும் தோற்றாலும் அப்படிச் செய்ய வேண்டுமென்று காந்தியடிகள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்மட்ஸ் அவரை மகளே என்று விளித்து, இது உள்ளீடற்ற வெற்றி, இதனால் அடுத்த தேர்தலில் நான் தோற்பேன், ஆனால் உனக்கும் பயன் இராது என்ற கருத்தில் பேசினாராம். சொன்னபடியே 1948-இல் அவர் தோற்றார். வந்தவர்கள் அவரினும் கொடிய நிறவெறியர். அந்த ஆண்டிலிருந்து அபார்த்தைட் என்ற சொல் உலகுக்குப் பழக்கமாயிற்று. முதியவர் சொன்னது பலித்தது போலத் தோன்றும். நான் அப்படி முடிவுகட்ட மாட்டேன். அந்தத் தீர்மானம் போட்ட வழியில்தான் தென்னாப்பிரிக்கா ஆண்டுதோறும் ஐ.நா.வில் கூண்டேற்றப்பட்டது.

இப்போது மாஸ்கோ. 1947 ஆகஸ்டில் சுதந்திர இந்தியாவின் முதல் தூதராக அவர் அங்குப் போனார். போர் முடிந்து இரண்டே ஆண்டு. நகரில் வீடு இல்லை, பண்டம் இல்லை. தூதரகத்துக்கு வேண்டிய மேசை, நாற்காலி, கம்பளங்களை ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமிலிருந்து வாங்கினார். இங்கே பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஏழை நாட்டின் தூதர் ஆடம்பரம் செய்கிறார் என்று நெடுநாள் பேச்சு. செலவு கூடுதலா என்று கேட்பது நியாயமே. மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவரோடு அதே ஆண்டுகளில் பல தலைநகரங்களுக்குச் சென்ற ஆண் தூதர்களும் வீடு பிடித்தார்கள், சாமான் வாங்கினார்கள், விருந்து வைத்தார்கள். அவர்களுடைய நாற்காலி எந்தக் கடையில் வாங்கியது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகளும் சளைத்தவையல்ல; அவர் பேசியதை ஒரு பத்தியும், உடுத்திய சேலையையும் நரைத்த தலையழகையும் இரண்டு பத்தியும் எழுதின.

ஸ்டாலின் ஏன் பார்க்கவில்லை? பெண் என்பதால் என்று சொல்வோர் இரு கட்சியிலும் உண்டு. பெண்ணை இகழ்வோரும் சொல்வர், பெண்ணுக்காக இரங்குவோரும் சொல்வர். எனக்கு அது சரியாகப் படவில்லை. உலகிலேயே முதன்முதல் பெண்களைத் தூதராக அனுப்பிய நாடுகளுள் சோவியத் நாடு ஒன்று. அலெக்சாந்திரா கொல்லொந்தாய் என்ற அம்மையாரை 1923 முதலே நார்வேக்கும் மெக்சிகோவுக்கும் ஸ்வீடனுக்கும் தூதுவராக்கியது. ஸ்வீடனில் மட்டும் 1930 முதல் 1945 வரை. எனவே காரணம் வேறு. 1947-இல் இந்திய விடுதலையை மாஸ்கோ மெய்யான விடுதலை என்று நம்பவில்லை; இங்கிலாந்தின் வாலாகவே இந்தியாவைக் கண்டது. உலகம் இரண்டு முகாம் என்று அவர்கள் அறிவித்ததும் அவ்வாண்டே. தெலங்கானாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டமும் அவர்கள்மீது இந்திய அரசாங்கத்தின் அடக்குமுறையும் நடந்த காலம். அப்போது எந்த இந்தியர் போயிருந்தாலும் கதவு மூடியே இருந்திருக்கும். 1949 டிசம்பரில் இந்தியா மக்கள் சீனத்தை ஏற்றுக்கொண்டது, காற்றுத் திரும்பியது, அடுத்த மாதம் ராதாகிருஷ்ணனுக்கு அழைப்பு வந்தது. ராதாகிருஷ்ணனின் அறிவை இதனால் குறைத்துச் சொல்லவில்லை. வானிலை மாறியதை மாலுமியின் திறமைக்கு மட்டும் எழுதிவிடக் கூடாது என்கிறேன்.

1949-இல் அவர் வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். கொரியப் போரில் இந்தியாவின் நடுநிலை அமெரிக்கருக்குக் கசந்த காலத்தில் 20 லட்சம் டன் கோதுமைக்கு 19 கோடி டாலர் கடன் கேட்கும் வேலை அவருக்கு. காங்கிரஸ் சபை இழுத்தடித்தது. 1951 ஜூனில் சட்டமாயிற்று. 1952-இல் லோக்சபை உறுப்பினரானார். 1953 செப்டம்பர் 15-இல் ஐ.நா. பொதுச்சபையின் எட்டாம் தொடருக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாய்லாந்தின் வான் இளவரசர் போட்டியிட்டார். முன்னிருந்த எழுவரும் ஆண்கள். இரண்டாம் பெண் தலைவர் வர 1969 வரை, லைபீரியாவின் ஆஞ்சி புரூக்ஸ் வரை உலகம் காத்திருந்தது. பிறகு 2006, 2018, 2025. எண்பது தொடர்களில் ஐந்து பெண்கள். 1954 முதல் 1961 வரை லண்டனில் ஹைகமிஷனராக இருந்தார். சூயஸ் நெருக்கடியைத் தவிர அக்காலத்தில் நாம் நின்று பார்க்க வேண்டியது அதிகமில்லை.

இவ்விடத்தில் எனக்கே ஒரு முரண் தோன்றுகிறது, மறைக்க விரும்பவில்லை. அம்மையார் வாஷிங்டனில் அமர்ந்த அதே 1949-இல், சி. பி. முத்தம்மா என்ற குடகுப் பெண் இந்திய அயல்நாட்டுப் பணியில் சேர்ந்தார். சென்னையில் கிறிஸ்தவப் பெண்கள் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். தேர்வெழுதி அப்பணிக்கு வந்த முதற்பெண். திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவரிடம் எழுதி வாங்கினார்கள். ஆண் அதிகாரிக்கு அப்படியொரு காகிதம் இல்லை. 1961-இல் விதிகளாகவே அச்சிட்டார்கள்: பெண் அதிகாரி மணக்க எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும், குடும்பம் வேலைக்கு இடையூறு என்று அரசாங்கம் கருதினால் விலக வேண்டும், மணமான பெண் நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது. முத்தம்மா 1970-இல் ஹங்கேரிக்குத் தூதரானார். பின்பு பதவி உயர்வு மறுக்கப்படவே உச்ச நீதிமன்றம் சென்றார். 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான ஆயம் அவ்விதிகளைக் கடுமையாகக் கண்டித்து, பணி விதிகளையெல்லாம் திருத்தச் சொன்னது. ஆக, உலக மன்றத்தின் தலைமை நாற்காலியில் ஓர் இந்தியப் பெண் இருந்தபோது, அதே அரசாங்கத்தின் அலுவலகத்தில் இன்னொரு பெண் மணமா வேலையா என்று எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மேலிருந்து ஒருவரை நியமிப்பது எளிது. விதியை மாற்றுவது கடினம். நண்பரின் அண்ணன் தங்கை வாதத்தில் உண்மை எங்கேனும் உண்டென்றால் இங்கேதான் உண்டு. ஆனால் அது அம்மையாரின் திறமைக்கு எதிரான சான்றன்று; நிறுவனத்துக்கு எதிரான சான்று.

இக்காலத்துப் பல்கலைக்கழகங்களில் பெண்ணிய வெளியுறவுக் கொள்கை என்று ஒரு துறையே வளர்ந்திருக்கிறது. 2014-இல் ஸ்வீடன் அப்பெயரில் கொள்கை அறிவித்தது. 2022-இல் ஆட்சி மாறியதும் கைவிட்டது. 2023-இல் ஜெர்மனி நெறிமுறைகள் வெளியிட்டது. வெளியிட்ட அமைச்சர் பேர்பாக் என்பவரே 2025-இல் பொதுச்சபைத் தலைவரான ஐந்தாம் பெண். ஆய்வாளர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். மேசையில் பெண் இருக்கிறாளா? இருந்தால் எதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, அரசர்களின் எல்லைக்கோட்டைப் பற்றியா, கூலிக்காரியின் குடியிருப்பைப் பற்றியா? முதல் கேள்விக்கு எல்லாரும் 1953-ஐ எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு 1946 பெரிதாகப் படுகிறது. அங்கே பேசப்பட்டது கரும்புத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகளின் வீடு பற்றி. அந்த வீடுகளில் தமிழும் தெலுங்கும் பேசினார்கள்.

பின்னைய வாழ்வைச் சுருக்கிச் சொல்கிறேன். 1962-இல் மகாராஷ்டிர கவர்னர். அண்ணன் மறைந்தபின் 1964-இல் அவர் தொகுதியான பூல்பூரில் நின்று வென்றார். அண்ணன் மகள் இந்திரா பிரதமராக இருந்தபோது, 1968-இல் அதைத் துறந்து டேராடூனில் ஒதுங்கினார். 1975-இல் நெருக்கடி நிலை வந்தது. 1977 தேர்தலில் எழுபத்தாறு வயதில் வெளியே வந்து, தம் சொந்த அண்ணன் மகளின் ஆட்சியை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். குடும்பத்தால் வந்தவர் என்று அவரைச் சொல்வோர் இந்த ஆண்டை எந்தக் கணக்கில் வைப்பார்களோ. பின்னர் ஐ.நா. மனித உரிமை ஆணைக்குழுவில் இந்தியாவின் பிரதிநிதியானார். 1979-இல் தம் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். 1990 டிசம்பர் 1-ஆம் நாள் டேராடூனில் காலமானார். அவ்வாண்டு பிப்ரவரியில்தான் நெல்சன் மண்டேலா சிறையிலிருந்து வெளிவந்திருந்தார். டர்பனிலும் மற்ற ஊர்களிலும் இந்தியர் ஆப்பிரிக்கரோடு ஒரே வரிசையில் நின்று வாக்களித்தது 1994 ஏப்ரலில். 1946-இல் தொடங்கிய வழக்கை ஐ.நா. சபை தன் நிகழ்ச்சி நிரலிலிருந்து எடுத்ததும் அவ்வாண்டேதான்.